செலவுக் கொப்பி

தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டுக் கொரோலா.
டீசல். டூ-சீ இஞ்சின்.
மீற்றர் இரண்டு லட்சத்து எட்டாயிரத்தில் நிற்கிறது.
நிற்கிறது என்றால் உண்மையாகவே நிற்கிறது,
நாங்கள் வாங்குவதற்கு முதலே கேபிள் அறுந்துபோயிற்று.
அதனால் ஓடிய தூரத்தை நான்தான் எழுதிவந்தேன்,
களுவாஞ்சிகுடிச் சங்கத்தில் கணக்கெழுதும்
அதே நீலப் பேனையால்
எண்பது பக்கக் கொப்பியொன்றில்.

முதல் பக்கம்:
சாவியைத் திருப்பு.
மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை பொறு.
மழைக்காலமென்றால் இரண்டு தரம் பொறு.

மட்டக்களப்புக்குப் போய்வர அறுபது.
லீற்றருக்குப் பதினாலு,
ஏசி போட்டால் பன்னிரண்டு,
மச்சாள் குடும்பம் ஏறினால் சொல்லத் தேவையில்லை.
உப்புக்காற்று கதவின் அடியைத் தின்றது:
தகரம், ஒட்டுக்கூலி, பெயின்ற், ஒன்பதாயிரத்து இருநூறு.
நோசில் நாலும் கழுவியது.
புகைச் சோதனையில் தோற்றது.
நோசில் நாலும் மாற்றியது.
புகைச் சோதனையில் மயிரிழையில் தேறியது.

காத்தான்குடி நிஸ்தார் பொனற்றுக்குள் தலையை விட்டபடி சொல்வார்:
"புதுக் கார் சொல்லாமக் கொள்ளாம நிண்டுரும் தங்கச்சி.
இது சொல்லிப்போட்டுத்தான் நிக்கும்.
நீங்க காதக் குடுக்கணும், மறுகா காசக் குடுக்கணும்."

ஒரேயொரு தரம் சொல்லாமல் நின்றது.
மெத்தையும் அரிசிப் பையுமாக
மச்சாளின் மகளைப் பேராதனையில் விடப் போனபோது
பதினெட்டு வளைவில், பதினோராவதில்,
வெள்ளைப் புகை.
பூசணிக்காய் ஏற்றிவந்த லொறிக்காரன்
இரண்டு போத்தல் தண்ணீர் தந்து
மொழி தெரியாமல் உதட்டைப் பிதுக்கினான்.
ஹெட் வெடித்திருந்தது.
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது
இன்னொரு செத்த காரின் ஹெட்.
எண்பத்தையாயிரம். பஸ்காரனுக்கு ஐந்நூறு.
அன்றைக்கு நான் போட்ட கூட்டல் கோடு
மூன்று பக்கத்துக்கு அச்சுப் பதிந்து கிடக்கிறது.

பிறகு அந்த வருடம்.
நூற்றி இருபத்தொன்றாக இருந்த டீசல்
நானூற்றி அறுபது.
ஷெட் வாசலிலிருந்து கோயில் மதில் வரை நின்ற வரிசையில்
மூன்று இரவு நாங்கள் காருக்குள் படுத்தோம்.
அவர் முன் சீற், நான் பின் சீற்.
கிலோமீற்றர்: பூச்சியம்.
செலவு: பிளேன்ரீ, நுளம்புத்திரி.
வீட்டில்கூட அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

விற்கப் போகிறேன் என்று சொல்லி ஒரு கிழமைக்குள்
திருக்கோவிலிலிருந்து மயூரதாசன் வந்தான்.
கருவாட்டு வியாபாரம்.
குனிந்து பார்த்தான், ஒயில் குச்சியை மணந்தான்,
ரயரை உதைத்தான், எல்லோரும் உதைப்பதைப் போல.
டாஷ்போட்டைத் திறந்தவன் கொப்பியை எடுத்து
நின்ற நிலையிலேயே அரைமணித்தியாலம் வாசித்தான்.
"இதும் வேணும் அக்கா.
கொப்பி இல்லாட்டி இருபத்தையாயிரம் குறைச்சுத்தான் தருவன்."

சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை.
எழுபத்தொரு பக்கம், ஒன்று பதினைந்து,
ஆயிரத்து அறுபத்தைந்து ரூபாய்.
அதையும் கடைசி வரியில் எழுதினேன்.
காருக்கான செலவுதானே.

தாள்களை விரலால் தட்டி எண்ணினான்.
"நாப்பத்தொண்டக் காணயில்ல?"

நாற்பத்தோராம் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:
இரவு 2.10. பெரியாஸ்பத்திரி.
முப்பத்தொரு நிமிடம்.
வழியில் எங்கும் நிற்கவில்லை.
கார்.

"அண்டைக்குச் செலவொண்டும் இல்ல தம்பி."

அவன் என்னை ஒருதரம் பார்த்தான்.
தாள்களை மடித்து டாஷ்போட்டுக்குள் வைத்தான்.
ஏறினான். சாவியைத் திருப்பினான்.
இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது.
விளக்கு அணைந்தது.
திரும்பவும் திருப்பி, திரும்பவும் பொறுத்தான்.

முதல் பக்கத்தை வாசித்திருக்கிறான்.